நெட்வொர்க் ஃபோல்டருக்கு 777 கொடுத்தும் வேர்ட்பிரஸில் படம் ஏறவில்லை, ஏன்?

கேள்வி: உபுண்டு சர்வரில் அப்பாச்சி, வேர்ட்பிரஸ். அப்லோட்ஸ் ஃபோல்டரை ஆபீஸ் நாஸிலிருந்து (நெட்வொர்க்கில் இருக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி) சிஃப்ஸ் (விண்டோஸ் பாணி ஃபைல் பகிர்வு) வழியாக மவுண்ட் செய்திருக்கிறேன், அதாவது சர்வரின் சொந்த ஃபோல்டர் போல இணைத்திருக்கிறேன். பழைய படங்கள் தெரிகின்றன, புதிய படம் மட்டும் ஏறவில்லை. சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்), சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) இரண்டும் போட்டாயிற்று. வேறு என்ன செய்வது?

பதில்:

777 போட்டபோது டெர்மினல் எந்தப் பிழையும் காட்டியிருக்காது. அதே இடத்தில், உரிமையாளரையும் அனுமதியையும் காட்டும் எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். உரிமையாளரும் குழுவும் இன்னமும் ரூட் (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு), அனுமதி 755 (திரையில் rwxr-xr-x) என்றுதான் இருக்கும். உங்கள் கட்டளை எங்கும் போய்ச் சேரவில்லை.

விண்டோஸ் பாணி ஷேரில் இருக்கும் ஃபைல்களுக்கு லினக்ஸ் உரிமையாளர் என்று யாரும் கிடையாது. எல்எஸ் காட்டுகிற பெயரும் அனுமதியும், மவுண்ட் செய்யும்போது நீங்கள் கொடுத்த ஆப்ஷன்களிலிருந்து வருபவை. ஒன்றும் கொடுக்காவிட்டால் எல்லாமே ரூட்டுக்குச் சொந்தம், 755. அதாவது யாரும் படிக்கலாம், ரூட் மட்டும் எழுதலாம். பழைய படம் தெரிவதும் புதியது ஏறாததும் இதனால்தான்.

ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. ரூட்டாக இருந்து டச் (காலி ஃபைல் உருவாக்கும் கட்டளை) போட்டேன், ஃபைல் உருவானது. மவுண்ட் சரி, வேர்ட்பிரஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் இரண்டு இரவு போயிற்று. ரூட்டாகச் சோதிக்கவே கூடாது. அப்பாச்சி எந்த யூசராக ஓடுகிறதோ அந்த யூசராகச் சோதிக்க வேண்டும். உபுண்டுவில் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, எண் 33. சூடோ -யு போட்டு அந்தப் பெயரில் ஒரு டச். வேர்ட்பிரஸுக்கு என்ன பதில் கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கும் கிடைக்கும்.

சரிசெய்ய எஃப்எஸ்டேப் (மவுண்ட் விவரங்கள் எழுதியிருக்கும் ஃபைல்) வரியில் யுஐடி=33, ஜிஐடி=33, ஃபைல்_மோட்=0664, டிர்_மோட்=0775 என்று சேருங்கள். பிறகு யுமவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். மவுண்டை நீக்காமலே செய்யும் ரீமவுண்டை நம்ப வேண்டாம். 777 தேவையே இல்லை.

இதற்குப் பிறகும் மறுத்தால் கதவு அந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது. லினக்ஸ் பக்கம் நீங்கள் என்ன சொன்னாலும், மவுண்ட் செய்யக் கொடுத்த நாஸ் கணக்குக்கு அந்த ஷேரில் எழுதும் உரிமை இருந்தால்தான் எழுத முடியும். நாஸின் நிர்வாகப் பக்கத்தில் அதைப் பாருங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை எஃப்எஸ்டேப்பில் எழுதாதீர்கள், அதை எல்லாரும் படிக்கலாம். தனி ஃபைலில் வைத்து 600 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) கொடுங்கள்.

ரெட்ஹேட் லினக்ஸ் குடும்பத்துக்கு மாறினால் இத்தனையும் சரியாக இருந்தும் செலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தடுக்கும். எச்டிடிபிடி_யூஸ்_சிஃப்ஸ் என்ற பூலியனை (ஆன், ஆஃப் அமைப்பு) ஆன் செய்தால் வழி விடும். செலினக்ஸையே அணைத்துவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

சிஃப்ஸுக்குப் பதில் என்எஃப்எஸ் (யுனிக்ஸ், லினக்ஸ் பாணி ஃபைல் பகிர்வு) என்றால் கதை வேறு. வழக்கமான அமைப்பில் அங்கே யூசரின் பெயர் பேசாது, எண்தான் பேசும். உபுண்டுவில் அப்பாச்சி 33, ரெட்ஹேட்டில் 48. இரண்டு மெஷின்களும் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்தால் ஒன்று எழுதியதை மற்றது தன்னுடையதாகப் பார்க்காது. ரூட்டாக சிஎச்ஓன் போட்டாலும் ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு உங்களை 'நோபடி' (அதிகாரம் இல்லாத கணக்கு) ஆக்கிவிடும். உரிமையாளரை என்எஃப்எஸ் சர்வரில் போய்த்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு அடி பலம். ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது சர்வர் நாஸுக்கு முன்பே எழுந்துவிட்டது. மவுண்ட் ஆகவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்த காலி ஃபோல்டர் அப்பாச்சி பெயரிலேயே இருந்ததால், அன்று ஏற்றிய கல்யாணப் படங்கள் முழுக்க சர்வரின் சொந்த டிஸ்கில் விழுந்தன. மறுநாள் மவுண்ட் செய்ததும் தளத்தில் ஒன்றையும் காணோம். யுமவுண்ட் செய்து பார்த்தால் அடியில் அத்தனையும் இருந்தன. அன்றிலிருந்து மவுண்ட் செய்யும் முன்பே அந்தக் காலி ஃபோல்டரை ரூட் பெயரில் வைத்து, யாரும் எதுவும் எழுத முடியாதபடி சிஎச்ஏடிடிஆர் +ஐ போட்டுப் பூட்டிவிடுகிறேன். மவுண்ட் ஆகாத நாளில் அப்லோட் அப்போதே நின்றுவிடும், ஸ்டுடியோவிலிருந்து உடனே போன் வரும்.