கிறிஸ்துமஸ் குழம்பு, புத்தாண்டு பஃப்ஸ்

டிசம்பர் மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். 25-ஆம் தேதி சமைத்தது மிஞ்சுகிறது. 31-ஆம் தேதி ஆட்கள் வருகிறார்கள். முந்தையதை வைத்துப் பிந்தையதைச் சமாளிக்க முடியுமா? தூத்துக்குடியில் என் வீட்டுக் கூடத்திலேயே பேக்கிங் வகுப்பு நடத்துகிறேன். அங்கே சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று வைத்த மட்டன் குழம்பும் கோழி வறுவலும் எங்கள் வீட்டில் எப்போதும் மிஞ்சும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் உறவினர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மிஞ்சிய கறியில் பஃப்ஸ் செய்யலாமா? கடையில் போல அடுக்கடுக்காக வருமா?
— வாசகி, நாகர்கோவில்

வரும். ஆனால் அந்தப் பஃப்ஸைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியது 25-ஆம் தேதி மதியம், பந்தி முடிந்த கையோடு. சமைத்த கறி ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள் தாங்கும். ஆறு நாள் தாங்காது. தினமும் சுடவைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் பெரியம்மாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு, கறியை ஃபிரீசருக்கு அனுப்புங்கள்.

எப்படி அனுப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குழம்பாக அனுப்பாதீர்கள், பஃப்ஸாகவே அனுப்புங்கள். கறி இளஞ்சூட்டில் இருக்கும்போதே எலும்பை நீக்கிப் பிய்த்துவிடுங்கள். ஆறிக் கொழுப்பு உறைந்துவிட்டால் எலும்பு விடாது. அகன்ற வாணலியில் குழம்பையும் கறியையும் ஒன்றாகப் போட்டு, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிகிற வரை வற்றவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் கொழகொழவென்று கிடக்கும். குழம்பு வற்றும்போது உப்பும் காரமும் ஏறும் என்பதால் உப்புப் போடாமல் வதக்கிய வெங்காயத்தைக் கைநிறையச் சேருங்கள். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள். சூடான பூரணம் வெண்ணெயை உருக்கிவிடும், அடுக்கு போயிற்று.

இப்போது பெரிய கடைகளில் உறைந்த பஃப்ஸ் மாவுத் தாள் கிடைக்கிறது. வீட்டில் மாவை மடித்து மடித்துச் செய்வது அருமையான கலை, அதைத் தூத்துக்குடி வெக்கையில் செய்யச் சொல்லி உங்களை நான் வதைக்க மாட்டேன். வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகிவிடும். நம் ஊர் பேக்கரிகளில் சட்டென்று உருகாத மார்கரினைப் போடுவதற்கு விலை மட்டுமல்ல, வெயிலும் காரணம். தாளைப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து, ஓரத்தில் அடித்த முட்டையைத் தடவி, முக்கோணமாக மடித்து அழுத்துங்கள். மடித்ததைத் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் அடுக்கிவிடலாம். இந்த வேலை 26-ஆம் தேதிக்குள் முடிந்துவிட வேண்டும்.

31-ஆம் தேதி இரவு கோயிலிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஓவனை 200 டிகிரிக்குத் திருப்புங்கள். கால் மணி நேரம் காயட்டும். பஃப்ஸை உருகவிடாமல் அப்படியே முட்டை தடவி உள்ளே வைத்தால் 25 முதல் 30 நிமிடத்தில் தயார். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், பூரணத்தின் நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகித்தான் அடுக்குகளைத் தூக்குகிறது. எட்டிப் பார்க்கிற ஆசையில் கதவைத் திறந்தால் சூடு இறங்கி, எழுந்தது அமர்ந்துவிடும்.

விருந்தில் பிரியாணி நிறைய மிஞ்சியது. மறுநாள் மாலை விருந்தாளிகளுக்கு அதையே சின்னச் சின்னதாக ஓவனில் பேக் செய்து தரலாமா?
— வாசகர், சென்னை

ஒரே கேள்வி: இரவு முழுவதும் பிரியாணி எங்கே இருந்தது? அண்டாவிலேயே இருந்தது என்றால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாகாமல், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு ஒன்று மறுபடி சூடாக்கினாலும் போகாது. மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் செய்யலாம்.

எலும்பு, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். இரண்டு கப் பிரியாணிக்கு இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, கொத்தமல்லி தூவிப் பிசறி, எண்ணெய் தடவிய மஃபின் குழிகளில் அழுத்தி வைத்து 180 டிகிரியில் 20 நிமிடம் விடுங்கள். சீரகச் சம்பா என்றால் மணி சிறியது, நன்றாகச் சேர்ந்து நிற்கும். பாஸ்மதியைக் கொஞ்சம் மசித்துவிட வேண்டும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பிரியாணி. தயிர்ப் பச்சடி மட்டும் புதிதாகச் செய்யுங்கள், அதையும் நேற்றையதாக வைக்காதீர்கள்.

நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. ஜனவரி 1 மதியம் உறவினர்களுக்குச் சாப்பாடு, மாலையில் மகளின் தோழிகள். மிஞ்சுவது உருளைக்கிழங்கு மசாலும் பட்டாணிக் குருமாவும்தான்.
— வாசகி, கோயம்புத்தூர்

அன்றைக்கு அன்றே என்பதால் உங்களுக்கு வேலை சுலபம். உருளைக்கிழங்கை எப்படியும் ஃபிரீசரில் வைக்க முடியாது, பஞ்சாகிவிடும். இரண்டையும் சேர்த்து வற்றவைத்துப் பன்னுக்குள் வையுங்கள். 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு, 150 மில்லி வெதுவெதுப்பான பால், 30 கிராம் வெண்ணெய். பத்து நிமிடம் பிசைந்து, மாவு இரட்டிப்பானதும் பன்னிரண்டு உருண்டை. பூரணம் வைத்து மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, இன்னும் அரை மணி உப்பவிடுங்கள். மேலே பால் தடவி 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவினால் பேக்கரிப் பளபளப்பு வந்துவிடும். மாவை மதியப் பந்தி நடக்கும்போதே பிசைந்து வைத்துவிடுங்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் மணல் போட்டு இவற்றைச் செய்யலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பன் வரும், மேலே மட்டும் வெளுத்திருக்கும். பஃப்ஸ் வராது, மேலிருந்து சூடு போதாது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்ற மறக்காதீர்கள். பிரியாணி உருண்டைக்கு உங்கள் குழிப்பணியாரக் கல்லே போதும். ஓவன் வாங்கினவர்களும் அதில் செய்து பார்க்கலாம்.

"மிஞ்சியதையா விருந்தாளிக்குப் போடுவது" என்று மாமியார் முகம் சுளிக்கிறார். என்ன பதில் சொல்ல?
— வாசகி, திருநெல்வேலி

மாமியார் பக்கம்தான் பாதி நியாயம். பந்தியில் கரண்டி போட்டுப் போட்டுக் கலைந்த பாத்திரத்திலிருந்து எடுப்பதை நானும் ஒப்ப மாட்டேன். ஆகவே பரிமாறும் முன்பே, அவர் கண் முன்னாலேயே, ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். தொடாமல் எடுத்து வைத்த கறியில் செய்வது பழையது அல்ல, முன்கூட்டிச் செய்த சமையல். முதல் பஃப்ஸை அவருக்கே கொடுங்கள்.

பிளம் கேக் காய்ந்துவிட்டது. முறுக்கும் நொறுங்கிக் கிடக்கிறது.
— வாசகர், மதுரை

கேக்கை விரல் கனத்தில் நறுக்கி 150 டிகிரியில் இருபுறமும் பத்துப் பத்து நிமிடம் காயவைத்தால் ரஸ்க். முறுக்கைப் பொடித்து, ரொட்டித் தூளுக்குப் பதிலாகக் கட்லெட்டின் மேல் புரட்டி, கொஞ்சம் எண்ணெய் தெளித்து 200 டிகிரியில் பேக் செய்யுங்கள். முறுக்கில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கட்லெட்டில் குறைத்துப் போடுங்கள்.