அலாஸ்காவில் வரி அதிகமா, குறைவா?

அமெரிக்க மாநிலங்களில் தலைக்கு வரி அலாஸ்காவில்தான் அதிகம் என்று ஒரு நாளிதழும், வரிச்சுமை குறைவு என்று இன்னொன்றும் போட்டிருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலாவது, மாநிலம் வசூலித்த வரியை மக்கள்தொகையால் வகுத்திருக்கும்; அங்கே தனிநபர் வருமான வரியும் இல்லை, மாநில விற்பனை வரியும் இல்லை, ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் கட்டுவது இருக்கிறதே, எண்ணெய் விலை ஏறிய வருடம் அதுவும் உங்கள் தலையில் விழுந்த மாதிரி கணக்கு காட்டும். இரண்டாவது, டாக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க வரி ஆய்வு அமைப்பின் கணக்காக இருக்கும்; அது இந்த எண்ணெய் வரியில் பெரும்பகுதியை வெளிமாநிலத்தார் சுமப்பதாக எடுத்துவிட்டு, மிச்சத்தை வருமானத்தின் சதவீதமாகச் சொல்லும்.

அப்புறம், 'மாநில வரி' என்று மட்டும் இருந்தால் உஷார். நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி கிடையாது, விற்பனை வரியும் கிடையாது, ஆனால் வீட்டுக்கு வரும் உள்ளூர் சொத்து வரி பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். அது 'மாநில வரி' கணக்கில் வராது.