வாசகர் கேள்வி: வெடித்த நட்சத்திரத்துக்கு எதற்கு எக்ஸ்ரே?

கேள்வி: வெடித்துச் சிதறிய நட்சத்திரம் எதனால் வெடித்தது என்பதை எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாமே. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு பார்க்கிற மாதிரியா?
– ரப்பர் தோட்டக்காரர் ஒருவர், குலசேகரம்.

பதில்: இல்லை. ஆஸ்பத்திரியில் கதிரை நாம் பாய்ச்சுகிறோம். வானத்தில், லட்சக்கணக்கான டிகிரிக்குச் சூடேறிய வாயு தானாகவே எக்ஸ் கதிரை உமிழ்கிறது. நாம் அதை வாங்கிப் பதிவு செய்வதோடு சரி.

பெரிய நட்சத்திரங்களின் மையம் நொறுங்கி வெடிப்பது தனிக் கதை. உண்மையான வழக்கு 'டைப் 1ஏ' என்ற வகை சூப்பர்நோவாவில் (நட்சத்திர வெடிப்பில்)தான் இருக்கிறது. இதில் வெடிப்பது வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து பூமி அளவுக்குச் சுருங்கிய நட்சத்திரம். அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் தாங்காது. 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கில் இறங்கியவர் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவர் பெயரைச் சொன்னதும் நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அந்த எல்லை எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி, குள்ளனுக்கு நிறை எப்படி ஏறியது? பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து வாயுவை உறிஞ்சியது என்பது ஒரு கட்சி. இரண்டு குள்ளர்கள் சுற்றிச் சுற்றி வந்து மோதிக்கொண்டன என்பது மறு கட்சி. உறிஞ்சியிருந்தால், விழுந்த வாயு மேற்பரப்பில் எரிந்து, வெடிப்பதற்கு முன் நெடுங்காலம் எக்ஸ் கதிர் கசிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் புகைக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரப்பர் ஷீட் காய்கிறதென்றால் ஓட்டு இடுக்கில் புகை வந்தே தீரும். சந்தைக்கு ஷீட் குவிகிறது, ஆனால் நாற்பது கூடத்தில் ஒன்றில்தான் புகை என்றால், மிச்ச ஷீட் வேறெப்படியோ காய்ந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஏறத்தாழ அதுதான் நடந்தது. சந்திரசேகர் பெயரையே தாங்கி 1999இல் ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு, ஆண்ட்ரோமேடா என்ற விண்மீன் மண்டலத்தின் மையப் பகுதியையும் அருகிலுள்ள ஐந்து நீள்வட்ட விண்மீன் மண்டலங்களையும் கில்ஃபானோவ், போக்டான் என்ற வானியலாளர்கள் இருவரும் ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்ததைவிட 30 முதல் 50 மடங்கு குறைவான எக்ஸ் கதிரே இருந்தது. அத்தகைய மண்டலங்களில் உறிஞ்சி வெடிப்பவை 5 சதவீதத்துக்கு மேல் இராது என்று 2010இல் எழுதினார்கள்.

2014 ஜனவரியில் எம்82 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒரு டைப் 1ஏ வெடிப்பு தெரிந்தது. தூரம் சுமார் 1.2 கோடி ஒளியாண்டு. இந்த வகையில் இது பக்கத்து வீடு. சந்திரா உற்றுப் பார்த்தும் எக்ஸ் கதிர் சிக்கவில்லை. துணை நட்சத்திரம் சிந்திய வாயு சுற்றிலும் கிடந்திருந்தால், சிதறல் அதில் மோதி ஒளிர்ந்திருக்கும்.

இருந்தும் நான் வழக்கை முடித்துவிட மாட்டேன். குள்ளனைச் சூழ்ந்த அடர்ந்த வாயு எக்ஸ் கதிரை விழுங்கியிருக்கலாம் என்று உறிஞ்சல் கட்சி வாதிடுகிறது. அந்த வாதத்தைத் தள்ள முடியாது.

கேள்வி: மகேந்திரகிரி உச்சியில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வைத்தால் என்ன?
– பள்ளி மாணவி, ஆரல்வாய்மொழி.

பதில்: வைக்கலாம், எதுவும் தெரியாது. வானிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் வெகு உயரத்திலேயே உறிஞ்சிவிடும். அதனால்தான் எக்ஸ் கதிரையும் பார்க்கும் நம் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டை 2015 செப்டம்பர் 28 அன்று 650 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். கொண்டுபோன பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். அந்த எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும் இடம் நீ சொல்லும் மகேந்திரகிரிதான்.