முள்காடு கண்ணுக்கெட்டிய தூரம்; வேலை எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய ஜேசிபி ஒன்றைத் தவணையில் எடுத்து, சீமைக்கருவேல முள்ளை அகற்றி நிலம் திருத்திக் கொடுக்கும் வேலையைத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஆயிரம் நோட்டீஸ் அடித்து டீக்கடை, உரக்கடை எல்லாவற்றிலும் கொடுத்துவிட்டேன். சுற்றிலும் முள்காடுதான். ஆனால் மாதம் 30 மணி நேரம்கூட வண்டி ஓடவில்லை. வேலை கொடுக்கிற ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது?
– வாசகர், கமுதி

பதில்: முள் நிற்கிற ஏக்கரைக் கணக்குப் போட்டுத் தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள். பத்து வருடமாக முள் நின்ற நிலம் இன்னும் பத்து வருடம் அப்படியே நிற்கும். உங்கள் நோட்டீஸைப் பார்த்து யாரும் அதைத் திருத்தப் போவதில்லை. போர்வெல் போட வண்டிக்குத் தேதி சொல்லிவிட்டால், நிலத்தை விற்க அளந்தாக வேண்டும் என்றால், கம்பிவேலிக்குக் கல்லுக்கால் வந்து இறங்கிவிட்டால், அப்போதுதான் நிலத்துக்காரர் உங்களைத் தேடுவார். ஆகவே நீங்கள் தேட வேண்டியது முள்ளை அல்ல, தேதியை. அந்தத் தேதி நிலத்துக்காரருக்கு அடுத்தபடியாக யார் காதுக்குப் போகிறதோ அவரைப் பிடியுங்கள்.

உங்கள் பகுதியில் முதல் ஆள் விறகு வியாபாரியும் கரிமூட்டம் (விறகைக் கரியாக்கும் சூளை) போடுகிறவரும்தான். அவர் காட்டை விலை பேசி, மோட்டார் ரம்பத்தால் அறுத்து, டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தூர் (வேரோடு கூடிய அடிக்கட்டை) நிலத்திலேயே கிடக்கும். அன்றைக்கு நிலத்துக்காரர் கையில் மரம் விற்ற பணம், காலடியில் அடிக்கட்டை. தூர் எடுக்கும் பேச்சு அந்த வாரத்தில் நடந்தால்தான் உண்டு. ஒரு மழை பெய்து துளிர்த்துவிட்டால் பணமும் செலவாகியிருக்கும், மனசும் மாறியிருக்கும். பத்துப் பதினைந்து விறகு வியாபாரிகளின் எண்ணை வாங்கி, 'இந்த வாரம் எந்த ஊரில் அறுப்பு?' என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். முடிந்த வேலைக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் அடித்த காசைவிட அது குறைவாகத்தான் வரும்.

அவரிடம் இன்னொன்றும் பேச வேண்டும். எடை கூடும் என்பதற்காக அவர் தரையோடு தரையாக அறுப்பார். அப்படி அறுத்த தூரை ஜேசிபியின் பக்கெட்டால் பிடிக்கவே முடியாது. சுற்றிலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டடி கட்டை விட்டு அறுத்தால் பக்கெட் பல்லை அதில் கொடுத்து நெம்பி ஆட்டலாம், வேர் தளர்ந்து வந்துவிடும். நேரம் கண்கூடாகக் குறையும். விடுகிற கட்டையின் எடைக்கு ஈடு நீங்களே கொடுத்தாலும் நட்டமில்லை. எடுத்த தூரையும் கரிமூட்டத்துக்கு அவரே வாங்கிக்கொள்வார்.

அடுத்து போர்வெல் ஏஜெண்டுகள் (ரிக் லாரி உள்ளே போகப் பாதை வேண்டும்), உரிமம் பெற்ற தனியார் சர்வேயர்கள், பத்திர எழுத்தர்கள், வேலி போடுகிறவர்கள், சொட்டுநீர்க் கம்பெனி டீலர்கள். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருப்பதால், டீலரிடம் விண்ணப்பம் கொடுத்தவர் நடவுக்குத் தயாராகிறார் என்று அர்த்தம். டிராக்டர்காரர்களையும் மறக்க வேண்டாம். முள் கிடக்கிற நிலத்தில் டயர் பஞ்சராகும் என்று அவர்கள் இறங்கவே மாட்டார்கள். யாரிடம் 'முதலில் முள்ளை எடுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காலமும் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் பக்கம் புரட்டாசியில் நெல் விதைப்பு. விவசாய நிலத்து வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை விழுந்தபின் கரிசலில் வண்டியை இறக்கினால், வண்டியை எடுக்க இன்னொரு வண்டி வர வேண்டியிருக்கும். வீட்டுமனை வேலை வேறு கணக்கு: ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் மனை பூசை போடுவதில்லை, ஆவணியிலும் தையிலும் போடுவார்கள். மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி அழைப்பு அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வரும். கொத்தனார்களையும் மனை புரோக்கர்களையும் அந்தக் கணக்கில் போய்ப் பாருங்கள்.

குலதெய்வக் கோயில்களையும் சொல்ல வேண்டும். மாசி சிவராத்திரிக்கு முன் கோயில் திடலையும் பாதையையும் சுத்தம் செய்வார்கள். டீசல் காசுக்குச் செய்து கொடுங்கள். சென்னை, கோவை, சிங்கப்பூரிலிருந்து வருகிற பங்காளிகளில் பலருக்கு அதே ஊரில் முள் மண்டிய நிலம் இருக்கும். பக்கத்தில் தூர் எடுத்த திடலைப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணைக் கேட்பார்கள். சிவராத்திரி நடக்கிற இரண்டு நாளும் வண்டி அங்கேயே நிற்கட்டும். வண்டியின் நீண்ட கையிலும் (பூம்) பின்பக்கமும் போன் எண் பெரிதாக இருக்கட்டும்.

விலையை மட்டும் குறைக்க வேண்டாம். பல தாலுகாக்களில் மண் அள்ளும் வண்டி உரிமையாளர் சங்கம் மணி வாடகையை நிர்ணயித்திருக்கும்; அதை உடைத்தால் சங்கத்தின் பகைதான் மிஞ்சும். நிறைய ஆர்டர் வைத்திருக்கிற சக வண்டிக்காரர் மிச்ச வேலையை உங்களுக்குத் தள்ளிவிடுவதும் நின்றுபோகும். குறைந்த வாடகைதான் வேண்டும் என்பவருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகள் இருக்கின்றன, 'இ-வாடகை' மூலம் பதிவு செய்யலாம். அதற்கு முறை வரும்வரை காத்திருக்க முடியாதவர்தான் உங்கள் ஆள்.

கேள்வி: மணிக்கணக்கா, ஏக்கர் கணக்கா? மணிக்கணக்கு என்றால் 'ஆபரேட்டர் மெதுவாக ஓட்டுகிறார்' என்கிறார்கள். ஏக்கர் கணக்கில் பேசினால் நான் நட்டப்படுகிறேன்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ரோட்டில் நின்று பார்த்துவிட்டு ஏக்கருக்கு விலை சொன்னால் நட்டம்தான் வரும். காட்டுக்குள் நடந்து போய், அடர்த்தி நடுத்தரமாக இருக்கிற இடத்தில் 47 அடிக்கு 47 அடி கயிறு பிடியுங்கள். அது ஏறக்குறைய 5 சென்ட். அதற்குள் இருக்கிற தூரை எண்ணுங்கள். 30 இருந்தால் ஏக்கருக்கு 600. பிறகு வண்டியை இறக்கி பத்துத் தூர் எடுக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பாருங்கள். 8 நிமிடம் என்றால் 600 தூருக்கு 480 நிமிடம், அதாவது 8 மணி. ஓரத்தில் தள்ளிக் குவிக்க ஒரு மணி. மொத்தம் 9. மணி வாடகை 1,200 என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 10,800 ரூபாய். டீசல் மணிக்கு 5 லிட்டர் என்றால் 45 லிட்டர் போகும்; டீசல், ஆபரேட்டர் பேட்டா, தவணை போக மிச்சம் என்ன என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்த எண்கள் கணக்கு முறைக்குத்தான். செம்மண்ணில் எட்டு நிமிடத்தில் வருகிற பத்துத் தூர், காய்ந்து இறுகிய கரிசலில் பதினைந்து நிமிடம் இழுக்கும்.

இந்த 5 சென்ட் கணக்கை நிலத்துக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள். தூரை அவரே எண்ணட்டும். அதன்பின் ஆபரேட்டர் வேகத்தைப் பற்றிப் பேச்சு எழாது. முதல் வேலை, புது ஆள் என்றால் மணிக்கணக்கில் செய்து, 'ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனால் உங்களுக்குச் சொல்லாமல் ஓட்ட மாட்டேன்' என்று உச்சவரம்பு சொல்லிவிடுங்கள். வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 25 கிலோமீட்டர் ஓடிப்போய் ஒரு மணி நேர வேலை செய்துவிட்டு வருவது டீசலுக்கே கட்டாது. குறைந்தது 4 மணி நேர வேலை என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். 7 ஏக்கர். 'வேலையை முடியுங்கள், பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன்' என்கிறார். நம்பி இறங்கலாமா?
– வாசகர், மானாமதுரை

பதில்: பணத்தைவிட எல்லைதான் இதில் பெரிய ஆபத்து. அவர் லொக்கேஷன் அனுப்புவார், போய் இறங்குவீர்கள், அரை ஏக்கர் பக்கத்து நிலத்தில் போயிருக்கும். பக்கத்துக்காரர் வேலிக்காக விட்டிருந்த முள்ளையும் எல்லைக்கல்லையும் சேர்த்து எடுத்திருப்பீர்கள். கல்லைப் பெயர்ப்பது சர்வே சட்டப்படி குற்றம். பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வாங்குங்கள், இணையதளத்திலேயே எடுக்கலாம். பெயர் கூட்டுப் பட்டாவில் இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது கேட்டு வாங்குங்கள். வேலை தொடங்கும் நாள் உள்ளூரில் அவர் சார்பில் ஒருவர் வந்து நான்கு மூலையிலும் நிற்க வேண்டும். கல் கிடைக்கும்வரை எல்லையிலிருந்து 10 அடி உள்ளே தள்ளியே வேலை செய்யுங்கள்.

முள்ளுக்குள் பாழுங்கிணறு இருக்கிறதா என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்காமல் வண்டியை உள்ளே விடவே கூடாது. கைப்பிடிச் சுவர் இடிந்து, மேலே கொடி படர்ந்த கிணறு தரை மாதிரியே தெரியும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: வண்டி கிளம்பும் முன் 30 சதவீதம், பாதி நிலம் முடிந்ததும் 40, முடிந்தபின் மீதி. வெளிநாட்டில் இருக்கிறவர் மறுப்பது பணத்துக்காக அல்ல, ஏமாந்துவிடுவோமோ என்றுதான். ஜிபிஎஸ் மேப் கேமராவில் இடமும் நேரமும் விழுகிற மாதிரி, ஒரே மூலையில் நின்று காலையும் மாலையும் எடுத்த இரண்டு படம் தினமும் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பயம் போய்விடும். அதே படங்களை அவர் அனுமதியோடு, ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டு உங்கள் கூகுள் பிசினஸ் பக்கத்தில் ஏற்றுங்கள். வெளியூர்க்காரர்கள் உங்களைத் தேடுவது அங்கேதான். உள்ளூர்க்காரர் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

கேள்வி: போன வருடம் திருத்திக் கொடுத்த நிலத்தில் மறுபடி கருவேலம் முளைத்துவிட்டது. 'சரியாகச் செய்யவில்லை' என்று நிலத்துக்காரர் ஊரெல்லாம் சொல்கிறார். அந்தப் பக்கம் வேலையே வருவதில்லை.
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: நேரில் போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பருத்த கட்டையிலிருந்து நாலைந்து துளிர் கொத்தாக வந்திருந்தால் அது விட்டுப்போன தூர், தவறு உங்களுடையது. சீமைக்கருவேலத்தின் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. மண் தள்ளும் பிளேடால் மேலாகத் தள்ளிவிட்டால் அந்தக் கழுத்து மண்ணுக்குள்ளேயே நின்று, முன்னைவிடப் புதராக வரும். ஒரு அடிக்குக் கீழே வேரை அறுத்துத் தூரை வெளியே எடுத்தால் அநேகமாகத் துளிர்க்காது. மேல் மண்ணும் முள்ளோடு சேர்ந்து குவியலுக்குப் போய்விடுகிறது என்ற புகாருக்கும் இந்தப் பிளேடுதான் காரணம். பக்கெட் பல்லில் தூக்கி, இரண்டு உதறு உதறி, பிறகு போட வேண்டும்.

ஒற்றைத் தண்டாக, நேராகக் கீழே இறங்கும் மெல்லிய வேரோடு கையோடு வந்துவிட்டால் அது விதைக் கன்று. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 'இந்த வருடம் ஆட்டுக்கிடை போட்டீர்களா?' என்று கேளுங்கள். கோடையில் கருவேலங்காய் தின்ற ஆடு ராத்திரி கிடையில் புழுக்கை போட்டால், எருவோடு விதையும் விழும். திருத்திய நிலத்தில் பத்தடிக்கொரு கன்று முளைப்பது பல இடங்களில் இப்படித்தான்.

தூர் துளிர்த்திருந்தால் உடனே வண்டியைக் கொண்டுபோய்க் காசு வாங்காமல் எடுத்துக் கொடுங்கள். அவர் ஊரெல்லாம் பேசியதற்கு அதைவிட மலிவான பதில் கிடையாது. இனிமேல் விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்: முதல் மழைக்காலம் முடியும்வரை துளிர்க்கிற தூர் என் பொறுப்பு, விதைக் கன்றுக்கு நிலத்துக்காரர் முதல் மழை முடிந்ததும் ஒரு உழவு போட வேண்டும். முழங்கால் உயரம் வருவதற்குள் உழவிலேயே போய்விடும். தூர் எடுத்தபின் சட்டிக் கலப்பை ஓட்டி, மேலே வருகிற வேரைக் கூலி ஆள் விட்டுப் பொறுக்குவதையும் சேர்த்து ஒரே விலையாகப் பேசினால் இன்னும் நல்லது. முள் கிடக்காத நிலத்தைக் கையில் கொடுக்கிறவருக்கு அடுத்த நிலத்துக்காரரே போன் செய்வார்.

கேள்வி: ஊர்க் கண்மாயில் முள் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– வாசகர், திருச்சுழி

பதில்: எழுத்தில் உத்தரவு இல்லாமல் போகாதீர்கள். கண்மாய் மரம் அரசுடையது. மதிப்புப் போட்டு ஏலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஊரே சேர்ந்து கூப்பிட்டாலும் வண்டியைப் பிடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். தூரோடு நாலு லோடு மண்ணும் ஏறிவிட்டால் கனிமச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பட்டா நிலத்திலும் பனை நின்றால் தொடாதீர்கள், ஆட்சியர் அனுமதி வேண்டும்.

கேள்வி: சூரிய மின் நிலையத்துக்கு நிலம் திருத்த சப்-காண்ட்ராக்ட் கிடைக்கிறது. 400 மணி நேர வேலை. எடுக்கலாமா?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: எடுக்கலாம், ஆனால் டீசலை அவர்கள் போட வேண்டும். 400 மணிக்கு 2,000 லிட்டர். அதை உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டுப் பில்லுக்குக் காத்திருந்தால் தவணை நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் மாலை, வண்டி ஓடிய நேரத்தை எழுதும் லாக் ஷீட்டில் சைட் சூப்பர்வைசர் கையெழுத்து, 50 மணிக்கு ஒரு பில் என்று ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். வண்டியை இறக்குவதற்கு முன் உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள், இலவசம்தான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. தனிநபர் என்றால் பில்லில் 1 சதவீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கலில் கட்ட வேண்டிய வரியில் கழித்து, மிஞ்சினால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் வேலைகளும் சேர்ந்து வருடம் 20 லட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் ஜிஎஸ்டி பதிவுக்கு ஆடிட்டரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.