ஊதா மூடி, மஞ்சள் மூடி – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தேன். நீட் இரண்டு முறை எழுதியும் மார்க் போதவில்லை. அப்பா டெம்போ ஓட்டுகிறார். இன்னொரு வருடம் கோச்சிங் போக வீட்டில் வசதி இல்லை. எங்கள் டவுனில் இருக்கும் ஒரு சின்ன பாராமெடிக்கல் கல்லூரியில் டிஎம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, சேரலாம் என்று இருக்கிறேன். மாடியில் நாலு அறை, ஒரு லேப், வகுப்புக்கு இருபது பேர். "ரத்தம் சோதிக்கிற வேலைக்கெல்லாம் ஒரு படிப்பா? டாக்டர் ஆக முடியாதவங்க போற இடம்" என்கிறார் சித்தப்பா. அடுத்த வாரம் முதல் தவணை கட்ட வேண்டும். சேரலாமா? இன்னொன்று, ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு லேசாகத் தலை சுற்றும்.

ச.

அன்புள்ள ச.,

பெயரும் ஊரும் வேண்டாம் என்று நீ கேட்டதால் எடுத்துவிட்டேன். அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பாவுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். கால் வீக்கம், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 7.8 என்று வந்தது. 3.5இலிருந்து 5க்குள் இருக்க வேண்டியது அது. அவ்வளவு ஏறினால் இதயம் நின்றுபோகலாம், உடனே ஐசியூவில் சேருங்கள் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவோ பெஞ்சில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது கீழே லேபிலிருந்து ஒரு பெண் படியேறி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "சார், கால்சியமும் 5தான் காட்டுது. இவ்வளவு கம்மின்னா இவங்களுக்குக் கை விரலெல்லாம் இழுத்திருக்கணும். இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டாள். எடுத்தாள். பொட்டாசியம் 4.2, கால்சியம் 9.1. அம்மாவை அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று அவளே விளக்கினாள். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி டியூபில் இடிடிஏ என்ற உப்பு போட்டிருப்பார்கள். அந்த உப்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பொட்டாசியமும் கால்சியமும் பார்ப்பது அந்த உப்பு இல்லாத மஞ்சள் மூடி டியூபில். அதில் ரத்தம் குறைவாக விழுந்திருக்கிறது. யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி அளவைச் சரிக்கட்டிவிட்டார்கள். ரத்தம் ரத்தம்தானே என்ற நினைப்பு. மிஷினைக் குறை சொல்ல முடியாது, உள்ளே போனதைத்தான் அது அளந்து சொன்னது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்து, இது ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று சந்தேகப்பட அங்கே ஒரு ஆள் இருந்தாள்.

எங்கே படித்தாய் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு காலேஜ், எங்கள் செட்டில் பதினெட்டுப் பேர் என்றாள். "எங்க சார் முதல் வாரம் முழுக்க மூடி நிறத்தைத்தான் சொல்ல வச்சார்மா."

உன் கடிதத்தில் 'நாலு அறை' என்று படித்ததும் அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். கல்லூரி சின்னது என்பதற்காக நீ கூச வேண்டியதில்லை. இருபது பேர் என்றால் மைக்ரோஸ்கோப் முன்னால் உனக்கு முறை வரும், வாத்தியாருக்கு உன் பெயர் தெரியும். ஆனால் சின்னக் கல்லூரிக்குப் பெரும்பாலும் சொந்த ஆஸ்பத்திரி இருக்காது. எனக்குப் பயம் அதில்தான். இந்த வேலை கையில்தான் படியும். எந்த ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங், அதாவது பயிற்சிக்கு, அனுப்புகிறார்கள், எத்தனை மாதம் என்பதை ஆபீஸில் கேள். கேட்டுவிட்டு அதை அப்படியே நம்பிவிடாதே. இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணைத் தனியாகப் பிடித்து, நேற்று எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தாய் என்று கேள். ரிஜிஸ்டர் எழுதுகிறேன், ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றுதான் அவள் சொல்கிறாள் என்றால், அங்கே சேராதே.

துணை மருத்துவப் படிப்புகளுக்காக மத்திய அரசு 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, தேசிய ஆணையம் ஒன்றையும் அமைத்தது. டெக்னீஷியன் ஆகிறவர் குறைந்தது 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம், அதுவும் இரண்டிலிருந்து நாலு வருடத்துக்குள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் முந்நூறு நாளுக்கு மேல் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்கிற இடத்தில் இந்தக் கணக்கு எப்படி வரும்?

அப்புறம் சான்றிதழ். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, லேப் டெக்னீஷியன் வேலைக்கு வெளியிட்ட பழைய அறிவிப்பு ஒன்றை இறக்கிக்கொள். கல்வித் தகுதி என்ற இடத்தில் எந்தப் படிப்பு, யார் அங்கீகரித்தது என்றெல்லாம் போட்டிருக்கும். கல்லூரியில் போன வருடம் முடித்தவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போகவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. ரசீது இல்லாமல் பணம் கட்டாதே, ஒரிஜினல் மார்க் ஷீட்டை அங்கே விட்டுவிட்டும் வராதே.

ஒரு விஷயம் உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே லேப், ரேடியோகிராபி, டயாலிசிஸ் என்று பி.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன. இதுவரை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் அவற்றுக்குக் கவுன்சலிங் நடந்து வருகிறது. பயாலஜியில் நல்ல மார்க் என்றால், தவணை கட்டுவதற்கு முன் அதையும் பார்த்துவிடு. கட்டணம் ரொம்பக் குறைவு.

உறவுக்காரர்கள் பேச்சு இருக்கட்டும். அந்தப் பெண் அம்மாவுக்கு ரத்தம் எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "நீங்கதானே மாரியம்மாள்?" என்று அவள் கேட்கவில்லை. "உங்க பேரைச் சொல்லுங்க பாட்டி" என்றாள். வயதானவர்கள் எதற்கும் ஆமாம் போடுவார்கள், வெளியே பெஞ்சில் இன்னும் இரண்டு மாரியம்மாள் இருக்கலாம். கையைத் தடவிக்கொண்டே "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். அம்மா அதைப் பிரியம் என்று நினைத்து இட்லிக் கதையை ஆரம்பித்துவிட்டாள். பிரியம்தான், கூடவே சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறா என்பதும் தெரிந்துவிட்டது. பேச்சோடு பேச்சாக, தோலுக்கு அடியில் உருளுகிற ரத்தக்குழாயைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து ஒரே குத்து. டியூபில் பெயர் எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இதை ஒருநாள் சித்தப்பாவும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

தலை சுற்றுவது பற்றிக் கேட்டிருந்தாய். மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கே ஆரம்பத்தில் இது உண்டு, பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். போஸ்டிங் நாளில் காலைச் சாப்பாட்டை விடாதே. நிற்கும்போது முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காதே. கண் இருட்டுவது போல இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடு. மயக்கம் தெளிந்ததும் எழுந்து, அடுத்த சாம்பிள் எடுக்கும்போது மறுபடி பக்கத்தில் போய் நில்.

அன்புடன்,
அம்மா