ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகள்: எதைப் படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள், "எலும்பு மஜ்ஜையின் சூழல் கெட்டால் ரத்தப் புற்றுநோய் வருமாம், அதைத்தான் படிப்பேன்" என்கிறாள். அவள் அப்பா, நீட் தேர்வை இன்னொரு முறை எழுதட்டும் என்கிறார். இதற்கிடையே ஒரு தனியார் கல்லூரி, 'ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டிய இளநிலைப் படிப்புக்கு முன்பணம் கேட்கிறது. அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். ஏன் என்பதற்கு, மகள் ஆசைப்படும் துறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நம் உடலில் நாள்தோறும் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. இவற்றுக்கெல்லாம் மூலம், எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் மிகச் சில ஸ்டெம் செல்கள். அந்தச் செல்கள் மூலச் செல்களாகவே நீடிப்பது தங்கள் சொந்த பலத்தால் அல்ல, தங்கியிருக்கும் இடத்தின் தயவால் என்று 1978இல் மான்செஸ்டரில் பணியாற்றிய ரே ஸ்கோஃபீல்டு ஒரு கருதுகோளை முன்வைத்தார். வெகுகாலம் அது கருதுகோளாகவே கிடந்தது. 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எலும்பைக் கட்டும் செல்கள் பெருகினால் ரத்த ஸ்டெம் செல்களும் பெருகுவதைச் சுண்டெலிகளில் காட்டின. பிறகு ரத்தக்குழாய்ச் சுவர், நரம்பு இழை, கொழுப்புச் செல் என்று அக்கம்பக்கத்தார் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

உங்கள் மகளைக் கவர்ந்தது 2010இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். சுண்டெலிகளின் ரத்தச் செல்களை அவர்கள் தொடவில்லை. எலும்பாக வளரவேண்டிய இளம் செல்களில் மட்டும் 'டைசர்' என்ற மரபணுவை நீக்கினார்கள். ரத்த உற்பத்தி சீர்குலைந்தது. சில எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. நல்ல ரத்தச் செல்களைக் கொண்டுவந்து அந்த எலிகளுக்குள் வைத்தாலும் அதே சீர்குலைவு. இடம் கெட்டதால் குடியிருப்பவை கெட்டன. ஆனால், அவள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: புற்றுநோய் வந்த எலிகளின் ரத்தச் செல்களில் புதிய மரபணுக் கோளாறுகளும் சேர்ந்திருந்தன. மனிதர்களிடமும் ரத்தச் செல்லில் ஏற்படும் மரபணு மாற்றம்தான் பெரும்பாலும் நோயின் தொடக்கம். சூழல் அதை ஊக்குவிக்கிறது, சிகிச்சையிலிருந்து ஒளித்து வைக்கிறது. சூழல் மட்டுமே நோயைத் தீர்மானிக்கிறது என்பது கொஞ்சம் அதிகம்.

இனி படிப்புக்கு வருவோம். மஜ்ஜையை ஆராய்கிறவருக்கு எலும்பும் தெரிய வேண்டும், நரம்பும் தெரிய வேண்டும். 2014இல், உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டு மஜ்ஜைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை லேசர் நுண்ணோக்கியால் அளந்தார்கள். இயற்பியல் தெரியாதவர்களால் அது முடிந்திருக்காது. இன்று ஆயிரக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தரவுக் குவியலைப் படிக்க நிரல் எழுதவும் புள்ளியியலும் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட துறைக்கு, 18 வயதிலேயே 'ஸ்டெம் செல்' என்று குறுக்கிக்கொண்ட பட்டம் உதவாது. அகலமான அடிப்படை அறிவியல்தான் உதவும்.

என் முதல் பரிந்துரை ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு வளாகங்கள், ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் சமமாகக் கேள்விகள் வரும். கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்களும் எழுதலாம், ஆனால் திணறுவார்கள். உங்கள் மகள் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே இடம் கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் எதுவானாலும் சரி. பிறகு நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி. சேரலாம்.

பணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்ட ஆய்வில் சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) போன்ற தேசிய உதவித்தொகை பெறுபவர்களுக்கு, 2023இல் உயர்த்தப்பட்டபடி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. சொந்த ஆய்வகம் அமைய முப்பது வயது தாண்டிவிடும். இதை மகளிடம் மறைக்காதீர்கள், உறவினர்களிடமும் மறைக்காதீர்கள். கல்யாணப் பேச்சு எந்த ஆண்டில் தொடங்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லோரும் பேராசிரியர் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகளில் திசுப்பொருத்தம் பார்க்கவும், ஸ்டெம் செல்களைப் பிரித்து உறையவைக்கவும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் புற்றுநோய் வகையைக் கண்டறியவும் ஆட்கள் வேண்டும். 2023 அக்டோபரில், ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் முறை) இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதைத் தயாரிப்பதும் தரம் பார்ப்பதும் புதிய வேலைகள். மஜ்ஜையின் சூழலோடு தொடர்புள்ள மருந்தும் இருக்கிறது: ஸ்டெம் செல்லை மஜ்ஜையோடு கட்டிவைக்கும் சமிக்ஞையைத் தடுத்து அதை ரத்தத்துக்குள் இறக்கும் பிளெரிக்ஸஃபோர், 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கப்பட்ட மருந்து அது!

நீட் மறுமுறை எழுதுவதா? நோயாளியின் படுக்கையருகே நிற்க அவள் விரும்பினால் எழுதட்டும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். ரத்தவியல் மூன்று: இடைவெளி இல்லாமல் போனாலும் பதினொன்றரை ஆண்டுகள். வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. மருத்துவரும் ஆய்வாளரும் சேர்ந்து வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். ஆய்வகம்தான் வேண்டும் என்றால், நீட்டுக்காக ஓராண்டைச் செலவிட வேண்டாம்.

அந்தத் தனியார் கல்லூரியிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் மாணவர்கள் வாரம் எத்தனை மணி நேரம் கையால் வேலை செய்கிறார்கள்? முந்தைய மாணவர்கள் எந்த எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தார்கள்? பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். மகளின் பிளஸ் டூ பிரிவையும் மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.