தீர்ப்பு வந்தும் மறுமணப் பதிவு மறுக்கப்படுவது ஏன்?

உங்கள் மறுமணத்தைப் பதிவு செய்யப் பதிவாளர் மறுத்தது சரிதான். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்பளித்து ஐந்து மாதமாகிவிட்டது என்கிறீர்கள்; ஆனால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் கட்டத் தீர்ப்பாணை, அதாவது 'நைசை'. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி அதன்பின் குறைந்தது மூன்று மாதம் கழிய வேண்டும்; ஆட்சேபம் ஏதும் இல்லையென்றால் நீதிமன்றம் அதை முற்றானதாக்கும். அப்போதுதான் திருமணம் முறிகிறது.

மூன்று மாதம் கடந்தாலே போதும், காகிதம் தானாக வந்து சேரும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எதுவும் தானாக வந்து சேர்வதில்லை.

வழக்கு இலக்கத்துடன் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போய் வழக்கேட்டைப் பார்க்கக் கேளுங்கள், அல்லது உங்கள் சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள். தீர்ப்பாணை முற்றாக்கப்பட்ட பதிவு அதில் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவாளருக்கு வேண்டியது அதுதான். அந்தப் பதிவு இல்லையென்றால், தீர்ப்பாணையை முற்றாக்கக் கோரிச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் கணவர் வழக்கை எதிர்த்து வாதாடியவர். அவர் மேன்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் வேறு ஊரில் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்: அந்தத் திருமணம் செல்லாது, இருதார மணக் குற்றச்சாட்டும் வரும்.

முஸ்லிம் திருமணமென்றால் இது எதுவும் பொருந்தாது. அந்த விவாகரத்து, முஸ்லிம்களின் திருமண வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தின் வேலை.